அறைக்கு வெளியேயும் பேசுங்கள்

அனைவருக்கும் வணக்கம். உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டு ஆற்றுப்படுத்துநர் வேலைக்குப் போகவிருக்கிற உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். பெற்றோரோடு இருக்க முடியாமல் வேறொரு குடும்பத்தில், அதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்காதீர்கள். அவர்களுக்காக வாதாடவும் செய்யுங்கள்.

ஒரு பிள்ளை எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அரசு அமைத்திருக்கிற குழந்தைகள் நலக் குழு. குழுவினர் பிள்ளையைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மீதியை நம் அறிக்கையைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ‘பிடிவாதக்காரன், பொய் சொல்கிறான், வீட்டாரோடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள்.

பத்து வயதுப் பையன் ஒருவன் தலையணை உறைக்குள் சப்பாத்தியை ஒளித்துவைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்க்கிற அம்மாவுக்கு அது திருட்டாகத் தெரியும். கேட்டால் ‘நான் எடுக்கல’ என்பான், பொய்யும் சேர்ந்துகொள்ளும். பல நாள் பட்டினி கிடந்த பிள்ளை, நாளைக்குச் சாப்பாடு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் செய்கிற காரியம் அது. அந்த அம்மாவிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவன் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அறிக்கையிலும் இதையே எழுதுங்கள். அவனுக்கு ஒரு தங்கை இருந்தால், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவே சொல்கிறது. யாராவது நினைவூட்டினால்தான் அந்த வரிக்கு உயிர் வரும்.

நாம் சொன்னால் அரசு கேட்குமா என்று தோன்றலாம். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், மனநல மருத்துவர் சார்லஸ் ஜீனா ஆகியோர் காப்பகங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. முடிவுகளை ஆய்வுக் கட்டுரையோடு நிறுத்தாமல் அரசிடமும் கொண்டுபோனார்கள். 2004-இல் அங்கே வந்த சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் வைக்கக் கூடாது என்றது. கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழந்தைகளுக்குத்தான் தூக்கிவைத்துக்கொள்ள ஒருவர் இன்னும் அதிகமாகத் தேவை.

நம் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 18 வயது முடிந்து 21 ஆகும்வரை கைகொடுக்கிற பிற்காப்பு, நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு என்றுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை எங்கே போவது? குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது நின்ற பிறகு கல்லூரிக் கட்டணத்துக்கு யாரைக் கேட்பது? மனநல சிகிச்சையில் இருக்கிற பிள்ளையென்றால், அடுத்த மாத மாத்திரைக்கு மருத்துவமனைக்கு யார் கூடப் போவது?

வேலையில் சேர்ந்ததும், உங்கள் மாவட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் 17 வயதில் இருப்பவர்கள் யார் யார் என்று குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் 18-க்குப் பிறகு என்ன தேவை என்று தனித்தனியாகக் குழுவுக்கு எழுதுங்கள். இதற்குப் படிவம் இல்லை என்றால், சரி, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.