பாலமும் பிள்ளையும்

நேயர்களுக்கு வணக்கம். இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளி நெருங்குகிறது. பலரைக் காப்பாற்ற ஒருவர் தன் பிள்ளையைப் பலி கொடுக்கலாமா, கிறிஸ்தவம் இதற்கு என்ன சொல்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை. ரயில்வே சிக்னல் கேபினில் லீவர் இழுத்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். இந்தப் பேச்சுக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று எந்த ஊரில் கன்வென்ஷன் என்கிற கிறிஸ்தவப் பிரசங்கக் கூட்டப் பந்தலில் உட்கார்ந்தாலும் ஒரு கதை காதில் விழும். கப்பலுக்காகத் திறந்து மூடும் ரயில் பாலம். அதை இயக்குகிறவர் ஒருநாள் தன் சின்ன மகனையும் வேலைக்குக் கூட்டி வருகிறார். பாலம் திறந்திருக்கும்போது ரயில் வரும் சத்தம் கேட்கிறது. பார்த்தால் பையன் பல்சக்கரத்துக்குள் விழுந்து கிடக்கிறான். பாலத்தை மூடினால் பிள்ளை போய்விடும், மூடாவிட்டால் ரயிலில் இருக்கிற நூற்றுக்கணக்கானவர்கள் போய்விடுவார்கள். அப்பா லீவரை இழுக்கிறார். ரயிலில் இருந்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் போகிறார்கள். 'பிதா தம் மகனை இப்படித்தான் கொடுத்தார்' என்று பிரசங்கியார் முடிப்பார். பந்தலே அழும்.

எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். ரயில்வேக்காரனாக முதல் கோபம்.

பாலம் திறந்திருக்கும்போது ரயில் எப்படி ஐயா வரும்? பழைய கைகாட்டி மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கை நேராக நீட்டியிருந்தால் ரயில் நிற்க வேண்டும், கீழே சாய்ந்தால் போகலாம். பாதை சரியாக அமைந்து பூட்டு விழுந்தால்தான் அந்தக் கையைச் சாய்க்கும் லீவர் அசையும். அதுவரை நானும் என் மேலதிகாரியும் சேர்ந்து தொங்கினாலும் அசையாது. இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். கம்பி அறுந்துபோனாலும் கை தானாக 'நில்' என்ற நிலைக்குத்தான் திரும்பும். பழுது எதுவானாலும் ரயில் நிற்க வேண்டும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், கப்பலுக்காக நடுப்பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் தூக்கினார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ரயில் எட்டிப் பார்த்ததில்லை. மனுஷன் கட்டிய பாலத்திலேயே இவ்வளவு யோசனை இருக்கிறது.

தொழில் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் கேள்வி இதுதான். கதையில் அப்பா இடத்தில் கடவுளை வைக்கிறார்கள். கடவுள் லீவர் இழுக்கும் ஊழியர் மட்டும்தானா? தண்டவாளம் போட்டவர், பாலம் கட்டியவர், கால அட்டவணை போட்டவர் எல்லாம் அவர்தானே? பிள்ளையா பயணிகளா என்ற நெருக்கடியில் அவரை யார் மாட்டிவிட்டார்கள்? அந்த அப்பாவுக்கு வேறு வழி இல்லை, அதனால் அவர்மேல் இரக்கம் வருகிறது. எல்லாம் வல்லவருக்கு அதே சாக்கைச் சொன்னால் எப்படி?

இரண்டாவது கோபம் பையனுக்காக. அவனிடம் யாரும் கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. சுவிசேஷத்தில் வருகிற இயேசு சின்னப் பையனா? முப்பது வயது தாண்டியவர். எருசலேமுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தே போகிறார். கெத்செமனே தோட்டத்தில் பயந்து வியர்த்து, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சுகிறார், அப்புறம் சம்மதிக்கிறார். யோவான் 10-ஆம் அதிகாரத்தில், என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானே கொடுக்கிறேன் என்கிறார். பிதாவும் குமாரனும் ஒரே கடவுள் என்று சபையார் வாரம்தோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். அப்படியானால் கொடுத்தவர் தன்னையே கொடுத்தார். அடுத்தவர் உயிரை எடுத்து நீட்டவில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம், 1098 வாக்கில் எழுதி முடித்த நூலில் இதே கேள்வியைத் தன் சீடன் வாயால் கேட்க வைக்கிறார்: குற்றவாளியை விடுவிக்க நிரபராதியைக் கொல்லக் கொடுப்பது என்ன நீதி? பிதா வற்புறுத்தவில்லை, மகன் தானே விரும்பி ஏற்றார் என்பது அவர் பதில். அந்தப் பதிலை அதற்கு மேலும் தோண்டலாம். ஆனால் சம்மதம் இல்லாமல் காரியம் நிற்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. பிரசங்கியார் அந்தச் சம்மதத்தைத்தான் பல்சக்கரத்தில் போட்டுவிடுகிறார்.

வேலூருக்குப் பக்கத்தில் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்களா? வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் வண்டிகள் நின்றதும், ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாக்கள் இறங்குவார்கள். பிள்ளையின் வைத்தியத்துக்காக நிலத்தை விற்று, தெரியாத மொழி பேசும் ஊருக்கு வருகிறார்கள். அவர்களிடம் போய், பிள்ளையை நசுக்கும் தகப்பன்தான் அன்புக்கு அடையாளம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

வேதத்தில் வரும் ஆபிரகாம் கதை வேறு மாதிரி. கடவுள் சொன்னார் என்று மோரியா மலையில் மகன் ஈசாக்கைப் பலியிடப் போனாரே, அங்கே யார் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது? யாருமே இல்லை. போர் இல்லை, பஞ்சம் இல்லை. கட்டளை மட்டும்தான். கடவுள் அழிக்கவிருந்த சோதோம் ஊருக்காக ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் கடவுளிடம் பேரம் பேசிய அதே ஆபிரகாம், சொந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "சார், அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாரா?" அம்மா சாராளின் பெயரே அந்த அதிகாரத்தில் இல்லை. அடுத்த அதிகாரம் அவள் இறந்த செய்தியோடு தொடங்குகிறது. கத்தியை நிறுத்தச் சொன்னதும் கடவுள்தான் என்று பதில் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதாது. பின்னால் எரேமியா தீர்க்கதரிசி, பிள்ளைகளை நெருப்பில் பலியிடுகிறவர்களைப் பார்த்து, இதை நான் கட்டளையிடவுமில்லை, நினைக்கவுமில்லை என்று கடவுள் சொன்னதாகச் சொல்கிறார். வேதத்துக்குள்ளேயே இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் அரவான் களப்பலி பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாண்டவர் ஜெயிக்க வேண்டும், அதற்குப் பலி அரவான். கூத்தில் விடிய விடிய அரவான் பேசுவான், வரம் கேட்பான், அழுவான். அர்ச்சுனன் பெற்ற பிள்ளைக்குச் சபையில் குரல் இருக்கிறது. பாலத்துக் கதைப் பையனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வேதத்தில் அப்பாவின் நேர்த்திக்குப் பலியான யெப்தாவின் மகளைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. கடைசியாக ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தெளிந்தால் பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொள்கிற பெற்றோர் நம் சபைகளில் இருக்கிறார்கள். வேதத்தில் அன்னாள் தன் மகன் சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்தாளே என்பார்கள். கொடுத்தாள், உண்மைதான். ஆனால் அதற்கப்புறமும் கடவுள் அந்தப் பையனை ராத்திரியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை அவன் ஆசாரியர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று அவரிடம் ஓடினான். நான்காம் தடவை அவனே வாய் திறந்து, சொல்லும், கேட்கிறேன் என்று சொல்லும்வரை காத்திருந்தார். நேர்ந்துகொண்டவர்கள் 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். வணக்கம்.