மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தனி டியூஷன்: பிழை எந்தப் பாடத்தில் இருக்கிறது?

(திரையில்: கணக்கு நோட்டு. 52 − 27 = 35 என்று எழுதியிருக்கிறது.)

இதைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். இது கவனக்குறைவு இல்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால், 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறது குழந்தை. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று முன்பு கற்றதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்தாலும் ஐம்பதும் இப்படித்தான் வரும்.

"எப்படிப் போட்டே, சொல்லு கண்ணா" என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் நீங்களே வாயைத் திறந்தால், குழந்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

(திரையில்: விரல் நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சிகள், ரப்பர் பேண்ட்.)

பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக 2 குச்சி. 27 எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் 7 இல்லை. ஒரு கட்டைக் குழந்தையே பிரிக்கட்டும்: இப்போது 4 கட்டு, 12 உதிரி. 7 உதிரியும் 2 கட்டும் போனால் மீதி 25. குச்சியை நகர்த்தும்போதே நோட்டிலும் எழுத வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் செய்தால் குச்சி விளையாட்டாகவே நின்றுவிடும். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை முதல் வாரம் தவிர்ப்பது நல்லது. வாங்கிய கடனை எப்போது திருப்பித் தருவது என்று குழந்தை குழம்பும். 'கட்டைப் பிரி' என்றால் நடப்பதையே சொல்கிறோம்.

அடுத்த சிக்கல் நடுவில் வரும் பூஜ்யம்: 402 − 178. பத்துகள் இடத்தில் பிரிக்கக் கட்டே இல்லை. முதலில் ஒரு நூறைப் பத்துக் கட்டுகளாக்கி, அதில் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. விடை 224. இரண்டு இலக்கக் கழித்தல் குச்சி இல்லாமல் சரியாக வந்தபிறகே இதற்குப் போங்கள்.

(திரையில்: "கடைக்காரரிடம் 52 மாம்பழங்கள் இருந்தன. 27 விற்றார். மீதி எத்தனை?")

இதற்கு 79 என்று விடை வந்தால்? கணக்கை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்டதும் கழித்துவிட்டால் கணக்கில் குறை இல்லை, தமிழ் வாசிப்பில்தான் குறை. எண்களை மட்டும் பொறுக்கிக் கூட்டியிருக்கிறது. எல்லாப் பாடத்தையும் ஒருவரே சொல்லித்தருவதில் இருக்கும் பெரிய பலன் இதுதான்: கணக்கில் தெரியும் முடிச்சைத் தமிழில் போய் அவிழ்க்கலாம்.

வாசிப்பு பெரும்பாலும் சிக்குவது கொம்பில். 'பொம்மை' என்பதை 'பெம்மை' என்று படித்தால், கொம்பைப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிட்டது என்று பொருள். பெ, பா, பொ மூன்றையும் அட்டையில் எழுதி அருகருகே வையுங்கள். 'பொ'வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. இந்த மூன்று பகுதிக்கும் சேர்த்து ஒரே ஒலி. பிறகு கொட்டை–கோட்டை, பெட்டி–பேட்டி என்று குறில் நெடில் ஜோடிகள். சொல்வதெழுதுதலுக்கு ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சோதனை. "சி ஏ டி, கேட்" என்று பாட்டாக ஒப்பிக்கும் குழந்தையிடம் எம் ஏ டி என்று எழுதிக் காட்டுங்கள். திகைத்தால், எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. ஒலிகளைச் சேர்த்துப் படிக்கப் பழக்குங்கள். சூழ்நிலையியலுக்குத் தனி நேரம் வேண்டாம். அந்தப் பாடத்தையே அன்றைய வாசிப்புப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரத்தில் முதல் 5 நிமிடம் நேற்றையது, 20 கணக்கு, 15 தமிழ், 10 ஆங்கிலம், மிச்சம் 10 வீட்டுப்பாடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி வீட்டுப்பாடத்தில் தொடங்கினால் மணி முழுவதையும் அதுவே தின்றுவிடும். நோட்டு நிறையும், பிழை அப்படியே இருக்கும்.

ரப்பரைப் பென்சில் பெட்டியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தவறை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும், வந்த வழி உங்களுக்குத் தெரிய வேண்டும். முடிக்கும்போது உங்கள் குறிப்பேட்டில் தேதி, குழந்தை எழுதியது அல்லது படித்தது, எதனால் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். '52−27=35, கட்டைப் பிரிக்கவில்லை.' நாளைய முதல் 5 நிமிடம் அந்த வரிக்குத்தான்.