கல்லீரல் தழும்பு கரையுமா?

அனைவருக்கும் வணக்கம்.

'குடல், கல்லீரல் நோய்களில் புதிய ஆய்வுகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற தலைப்பு இல்லை. உணவுக்குழாயில் தொடங்கி மலக்குடல் வரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே போனால் வீட்டுக்குப் போகும்போது எதுவும் மனதில் நிற்காது. அதனால் பெரும்பாலும் கல்லீரலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிலும் ஒரு கேள்வியைச் சுற்றியே வருவேன்: கல்லீரலில் விழுந்த தழும்பு கரையுமா?

நாங்கள் படித்த காலத்தில் இதற்குப் பதில் 'கரையாது'. சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிய நிலை, என்று அறிக்கையில் எழுதிவிட்டால் எழுதியதுதான். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், முற்றினால் மாற்றுக் கல்லீரல். இடையில் வேறு வழி இல்லை என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதாக மாறியிருப்பது இந்தப் பதில்தான்.

தழும்பு எப்படி விழுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கல்லீரல் செல்களுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் ரத்த நுண்குழாய்களுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே நட்சத்திர வடிவச் செல்கள் சில இருக்கின்றன. சாதாரண நாட்களில் இவற்றுக்கு வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பதுதான் முக்கிய வேலை. உடலில் உள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி, சிறுசிறு கொழுப்புத் துளிகளாக இவற்றுக்குள்தான் இருக்கிறது. வைரஸோ மதுவோ தேங்கிய கொழுப்போ, எதனால் கல்லீரல் செல்கள் அடிபட்டாலும் அந்தத் தகவல் இந்த நட்சத்திரச் செல்களுக்குப் போய்விடும். உடனே அவை வைட்டமினை உதறிவிட்டு, உருவம் மாறி, கொலாஜன் இழைகளைச் சுரக்க ஆரம்பிக்கும். காயத்தை மூடுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்த அடி விழுகிறது, அதற்குள் இன்னொன்று. இப்படிப் பல ஆண்டுகள் போனால் இழைகள் பட்டைகளாகி, கல்லீரலை முடிச்சு முடிச்சாகப் பிரித்துக் கட்டிவிடுகின்றன. உள்ளே போக வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்குகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்து ரத்த வாந்தி வருவதும் அந்தத் தேக்கத்தால்தான்.

சரி, அடி நின்றுவிட்டால் என்ன ஆகும்? இழை சுரந்த செல்களில் ஒரு பகுதி தானாகவே அழிந்துபோகிறது. மற்றொரு பகுதி அடங்கிப் பழைய நிலைக்குக் கிட்டத்தட்டத் திரும்புகிறது. விழுங்கணுக்கள் எனப்படும் பாதுகாப்புச் செல்கள் வந்து, கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, இருக்கிற இழைகளை மெல்ல மெல்ல அரித்துவிடுகின்றன. எலிகளில் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: அடங்கிய செல்கள் பட்ட அடியை முழுதாக மறப்பதில்லை. மறுபடி சீண்டினால் முன்பைவிட வேகமாகச் சுரக்கின்றன.

எலியில் நடப்பது மனிதனில் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். 2013-இல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்கிறேன். ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளுக்கு டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரலிலிருந்து ஊசியால் சதைத்துணுக்கு எடுத்து, அதாவது பயாப்ஸி செய்து, பார்த்தார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர். ஐந்தாம் ஆண்டில் அவர்களில் 71 பேருக்குச் சிரோசிஸ் இல்லை. இத்தனைக்கும் அந்த மாத்திரை தழும்பைக் கரைக்கும் மருந்தே அல்ல, வைரஸ் பெருகாமல் பிடித்துவைப்பது மட்டுமே அதன் வேலை. மீதியைக் கல்லீரலே பார்த்துக்கொண்டது. தேறாதவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன என்று தேடியபோது கண்ணில் பட்டது உடல் எடை. வைரஸ் அடங்கியும், கொழுப்பு தன் பங்குக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வயிற்றில் நீர் கோத்து, காமாலை வந்து, நினைவு தடுமாறும் அளவுக்கு முற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிலர் தேறுகிறார்கள், பலர் தேறுவதில்லை. அதோடு, ஒருமுறை சிரோசிஸ் வந்தவருக்குப் புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர மறையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும்.

ஹெபடைட்டிஸ் சி கதை இன்னும் சுவாரசியமானது. 1989-இல்தான் அந்த வைரஸை அடையாளம் கண்டார்கள். ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். ஆரம்பத்தில் இருந்த சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போடவேண்டும். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு எல்லாம் வரும். அவ்வளவு பட்டும் குணமானவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பின் வந்த கூட்டு மாத்திரைகளை எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. நாள்பட்ட வைரஸ் நோய் ஒன்றை மாத்திரையாலேயே முழுதாகக் குணப்படுத்துவது அதுவரை கேள்விப்படாத விஷயம்.

மருந்து வந்ததும் வேலை முடிந்ததா? எகிப்தைப் பாருங்கள். அங்கே 1950-களிலிருந்து 1980-கள் வரை நத்தைக் காய்ச்சல் எனப்படும் ஒட்டுண்ணி நோய்க்கு ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கொதிக்கவைக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில், ஒரு நோயை ஒழிக்கப்போய் இன்னொன்றைப் பரப்பிவிட்டார்கள். உலகிலேயே ஹெபடைட்டிஸ் சி மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது இப்படித்தான். அந்த நாடு மருந்தின் விலையைப் பேசிக் குறைத்தது, உள்நாட்டிலேயே தயாரித்தது. ஆனால் என்னைக் கேட்டால் அவர்கள் செய்த பெரிய காரியம் அதற்கு அடுத்தது. 2018 அக்டோபரிலிருந்து ஏழு மாதத்தில், ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு விரல்நுனி ரத்தத்தில் பரிசோதனை செய்தார்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு நோய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தின் சாதனையை அங்கீகரித்து, 'ஒழிக்கும் பாதையில் தங்க நிலை' என்று அறிவித்தது. உலகத்தில் முதல் நாடு அதுதான்.

இப்போது கொழுப்புக் கல்லீரல். ஃபேட்டி லிவர் என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருக்கும், 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று மடித்து வைத்துவிடுவோம். உலகில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சில் பாதி உண்மைதான். பெரும்பாலோருக்கு அது அப்படியே கிடக்கும். சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, சிரோசிஸ் வரை போகும். அந்தச் சிலர் யார் என்பதில்தான் சிக்கலே.

இதற்குப் பல ஆண்டுகளாக மருந்தே கிடையாது. பரிசோதித்த மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தன. 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல்லீரலில் உள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பியைத் தூண்டி, கொழுப்பை எரிக்கவைக்கும் மருந்து. 2025 ஆகஸ்டில், சர்க்கரைக்கும் எடைக்கும் போட்டுக்கொண்டிருந்த செமாகுளுட்டைடு என்ற வார ஊசிக்கும் இதே நோய்க்காக அனுமதி வந்தது.

'அற்புத மருந்து' என்று செய்தி வரும்போது எண்களை நீங்களே கழித்துப் பாருங்கள். ரெஸ்மெட்டிரோம் ஆய்வில், அதிக அளவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு ஒரு வருடத்தில் தழும்பு ஒரு படியாவது இறங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 பேருக்கு இறங்கியது. ஆக, மருந்தின் கணக்கில் வருவது 12 பேர். செமாகுளுட்டைடு ஆய்வில் 72 வாரத்தில் மருந்து போட்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 37 பேர், வெற்று ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய 22 பேர், வித்தியாசம் 15-க்குச் சற்றுக் குறைவு. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் 12 பேர் என்பது பெரிய விஷயம். ஆனால் வெற்று மாத்திரைக்கு எப்படி 14 பேர் தேறினார்கள் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். ஆய்வில் சேர்ந்தவர்கள் உடம்பைக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம், பயாப்ஸியில் எடுப்பது கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஊசி குத்திய இடத்தைப் பொறுத்தே முடிவு ஒரு படி ஏறலாம், இறங்கலாம். இரண்டு மருந்துகளுமே தழும்பு நடுத்தரமாக இருப்பவர்களுக்கானவை. சிரோசிஸ் வந்துவிட்டவர்களிடம் செமாகுளுட்டைடைச் சோதித்த சிறிய ஆய்வு ஒன்றில் தழும்பு குறையவில்லை.

எடை குறைப்பதன் பலனையும் இதே மாதிரி பயாப்ஸி எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, 2015-இல் வந்தது. உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு அழற்சி போய்விட்டது, 45 பேருக்குத் தழும்பு குறைந்தது. மேலே சொன்ன இரண்டு மருந்துகளும் இந்த எண்ணை எட்டவில்லை. ஆனால் அவ்வளவு குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். 'எடையைக் குறையுங்கள்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் நகர்ந்துவிடுவது எவ்வளவு சுலபம், அதைச் செய்துகாட்டுவது எவ்வளவு கடினம் என்பது அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது.

இடையில் ஒரு வார்த்தை: 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' என்று விற்கிற பொடிகள், மாத்திரைகள். கல்லீரல்தான் உடம்பைச் சுத்தம் செய்கிறது, அதைச் சுத்தம் செய்ய யாரும் தேவையில்லை. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளை அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் கூட்டமைப்பு தொடர்ந்து பதிவு செய்கிறது. அதில் மூலிகை, சத்து மாத்திரை வகையால் வந்தவை பத்தாண்டுகளுக்குள் 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறின. இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

குடலைப் பற்றிச் சுருக்கமாக. வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் என்ற கிருமி என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்ன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இப்போதைய தலைவலி, பழைய ஆன்டிபயாட்டிக்குகள் அந்தக் கிருமியிடம் பலிக்காமல் போவது. அதனால் 14 நாள் நான்கு மருந்துச் சிகிச்சை முன்னுக்கு வந்திருக்கிறது. மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று சோதிக்கவேண்டும். பலர் வலி போனதும் அதை விட்டுவிடுகிறார்கள்.

கிரோன் நோய் என்ற குடல் அழற்சியில் 2024-இல் வந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வழக்கமாக லேசான மருந்தில் தொடங்கி, தேறாவிட்டால் படிப்படியாகக் கடுமையான மருந்துக்குப் போவோம். பிரிட்டனில் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். நோய் தெரிந்த உடனேயே இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற கடுமையான மருந்தின் ஊசியைத் தொடங்கியவர்களில் 100-க்கு 79 பேர், ஸ்டீராய்டோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படாமல் ஒரு வருடம் நன்றாக இருந்தார்கள். படிப்படியாகப் போனவர்களில் 15 பேர். இரண்டு பக்கமும் கிடைத்தது புது மருந்து அல்ல, எப்போது கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் வேறு.

கல்லீரலுக்கும் இதே கணக்குதான், ஆனால் அது வலிக்காது. கொலாஜன் பட்டை பட்டையாகப் படிந்துகொண்டிருக்கும் பத்து, இருபது ஆண்டுகளும் ஆள் நன்றாகத்தான் இருப்பார். ஹெபடைட்டிஸ் பி உள்ள 25 கோடிப் பேரில் 13 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது, ஆளைத்தான் காணோம்.

அதனால் ஒரு கணக்கைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். கல்லீரலில் தழும்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கணக்கு, ஃபிப்-4 என்று பெயர். சாதாரண ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கால்குலேட்டரும் போதும். அறிக்கையில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு இருக்கும். வயதை ஏஎஸ்டி அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, ஏஎல்டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்கவேண்டும்.

வயது 58, ஏஎஸ்டி 39, ஏஎல்டி 36, பிளேட்லெட் 1,55,000 என்று வைத்துக்கொள்வோம். பல பரிசோதனைக் கூடங்களின் அறிக்கையில் ரத்த அளவுகள் மூன்றுமே 'நார்மல்' என்றுதான் வரும், ஒன்றுக்கும் சிவப்புக் குறி இருக்காது. கணக்கைப் போடுங்கள்: 58-ஐ 39-ஆல் பெருக்கினால் 2,262. 36-இன் வர்க்கமூலம் 6, அதை 155-ஆல் பெருக்கினால் 930. வகுத்தால் 2.43. இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கவலைப்படவேண்டும். நம்முடையவர் நடுவில், அதுவும் மேல் எல்லைக்குக் கிட்டத்தில் நிற்கிறார். அவருக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியை வைத்து லேசாக ஒரு தட்டு, அந்த அதிர்வலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும். குத்தல் இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்குக்கும் எல்லைகள் உண்டு. 35 வயதுக்குக் கீழே நம்பமுடியாது. 65-க்கு மேல் 1.3-க்குப் பதிலாக 2 என்று எடுத்துக்கொள்ளவேண்டும். காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கியிருந்தபோது எடுத்த அறிக்கையை வைத்துப் போட்டால் விடை வீணாகப் பயமுறுத்தும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தவர்கள், பல ஆண்டுகள் மது குடித்தவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் தனிப் பரிசோதனை, வாழ்நாளில் ஒரு முறையாவது.

கேள்விச் சீட்டுகள் நிறைய வந்திருக்கின்றன. முதல் சீட்டை எடுக்கிறேன்.