கைநாட்டு வைத்த மலை

நண்பர்களே, வணக்கம். நம்மூரில் நிலம் வாங்கப் போகிறவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைக் கிராமங்களில், வில்லங்கம் மண்ணுக்கு அடியில் கிடந்தது.

நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் தரகர்கள் அந்த மலைகளில் வீடு வீடாகப் போனார்கள். மேல்நிலம் உங்களுக்கே, அடியில் இருக்கும் நிலக்கரியை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்பது பேரம். ஏக்கருக்கு அரை டாலருக்குக்கூட எழுதி வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்; நம்மூர்க் கைநாட்டு மாதிரி. கரியை எடுக்க எது தேவையோ, எது வசதியோ, அதையெல்லாம் செய்துகொள்ளலாம், சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் பத்திரத்தில் இருந்தது. அன்றைக்குச் சுரங்கம் என்றால் மலையைக் குடைந்து உள்ளே போவதுதான். புல்டோசரை யார் கண்டார்?

அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. மரம், மேல்மண் எல்லாவற்றையும் வழித்துச் சரிவில் தள்ளினார்கள். கீழே இருந்த வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்திரம் பத்திரம்தான் என்று 1956இல் தீர்ப்பானது.

1965 நவம்பரில் ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை தன் வீட்டுக்கு மேலே வந்த புல்டோசருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மறுத்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள் போலீஸார். அந்த வருஷம் 'நன்றி நாள்' பண்டிகைச் சாப்பாடு அவருக்கு ஜெயிலில். படமெடுத்த பத்திரிகைக்காரரையும் சேர்த்தே கைது செய்தார்கள். படம் நாடெங்கும் பரவியது.

கதையை இங்கேயே நிறுத்தினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் ஒரு புகைப்படத்தால் பத்திரத்தை ரத்து செய்துவிட முடியாது. அடுத்து நடந்தது சுவாரசியமில்லாத வேலை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களுமாக மாவட்டப் பதிவு அலுவலகங்களில் போய் உட்கார்ந்தார்கள். யார் பெயரில் எத்தனை ஏக்கர், எவ்வளவு வரி என்று பேரேடு பேரேடாகப் புரட்டி எழுதினார்கள். 6 மாநிலங்கள், 80 மாவட்டங்கள். கென்டக்கியில் தோண்டாத நிலக்கரிக்கு 100 டாலர் மதிப்புக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குதான் வரி என்று 1978இலேயே சட்டமன்றம் முடிவு செய்திருந்தது. கணக்குப் போடுங்கள்: லட்சம் டாலர் கரிக்கு ஒரே ஒரு டாலர்! அங்கே பள்ளிக்கூடம் நடக்கும் பணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. மலையை இழந்தவனின் பிள்ளைதான் ஒழுகும் வகுப்பறையிலும் உட்கார்ந்தான். அதனால் 1981இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு வைத்த பெயரில் மலையும் இல்லை, மரமும் இல்லை. 'கென்டக்கி நியாய வரிக் கூட்டணி' என்று வைத்தார்கள். இன்று அது வேறு பெயரில் இயங்குகிறது.

பத்திரத்துக்குக் கடிவாளம் போட 1984இல் ஒரு சட்டம் வந்தது. 1987இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சரி, அரசியலமைப்பையே திருத்துவோம் என்று கிளம்பினார்கள். தோண்டும் முறை பத்திரத்தில் எழுதப்படாமல் இருந்தால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் வழக்கத்தில் இருந்த முறையில்தான் எடுக்கலாம் என்பது திருத்தம். வேலை போய்விடும், ஊர் பாழாகிவிடும் என்று எதிர்த்தரப்பு பேசியது. 1988 நவம்பரில் வாக்கெடுப்பு. ஆதரவு 82 சதவீதம். கரியை நம்பிப் பிழைத்த குடும்பங்களும் போட்ட ஓட்டு இது. அந்தச் சில்லறை வரியையும் அதே வருஷம் நீதிமன்றம் செல்லாது என்றது. 1956 தீர்ப்பு ஒருவழியாக விழுந்தது 1993இல். அதற்குள் எத்தனையோ மலைகளை மொட்டையடித்து முடித்திருந்தார்கள்.

அப்புறம், 2019 ஜூலை. அதே கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் நடத்திய பிளாக்ஜுவல் கம்பெனி திவாலானது. தொழிலாளர்களின் சம்பளக் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அவர்கள் வெட்டிய கரி மட்டும் ரயிலேறிப் புறப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். கூடாரம் போட்டார்கள், அங்கேயே சமைத்தார்கள், பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். நாள் வாரமானது, வாரம் மாதமானது. அக்டோபரில்தான் 50 லட்சம் டாலருக்கு மேல் நிலுவைச் சம்பளம் தர உடன்பாடு வந்தது.