சாக்குத் துணியில் தைத்த சாட்சியம்

நண்பர்களே, சர்வாதிகாரத்தை எதிர்த்த கலை என்றால் சுவரோவியம், பாட்டு, வீதி நாடகம் என்று அடுக்குவோம். நான் இன்று ஊசியும் நூலும் செய்த வேலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1990 வரை நீண்ட ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். மகனைத் தேடி, கணவனைத் தேடி, சிறை, பிணவறை என்று அலைந்த சந்தியாகோ நகரப் பெண்களுக்குக் கத்தோலிக்கத் திருச்சபைதான் இடம் கொடுத்தது. அங்கே தையல் பட்டறைகள் உருவாயின. சாக்குத் துணியை விரித்து, அதன்மேல் பழந்துணித் துண்டுகளை வைத்துப் படமாகத் தைத்தார்கள். அர்பியேரா என்று பெயர். காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு.

மேலே ஆண்டிஸ் மலையும் சூரியனும். கீழே குடிசைகள், ஊருக்கே பொதுவான சமையல் பானை, மூடிக் கிடக்கும் ஆலை, ஆளை இழுத்துப்போகும் போலீஸ். ‘எங்கே அவர்கள்?’ என்று நூலெழுத்து. 1978-ல் லொன்கேன் என்ற இடத்தில், பழைய சுண்ணாம்புக் காளவாயில் 15 பேரின் உடல் எச்சங்கள் கிடைத்தன. எல்லாரும் 1973-ல் போலீஸ் பிடித்துப்போனவர்கள். அந்தக் காளவாயும் துணியில் ஏறியது.

இவ்வளவு துயரத்துக்கு ஏன் இத்தனை பளிச்சென்ற நிறம் என்று சிலர் கேட்பதுண்டு. அது அவர்கள் குடியிருந்த தெரு. பிள்ளைகள் விளையாடிய அதே தெருவிலிருந்துதான் ஆட்களைத் தூக்கிப் போனார்கள். இரண்டையும் ஒரே துணியில் காட்டியதுதான் அந்தப் பெண்களின் துணிச்சல்.

பெண்கள் உட்கார்ந்து தைப்பதில் என்ன அரசியல் இருக்கப்போகிறது என்று ஆட்சியாளர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. பத்திரிகைகள் தணிக்கையில் கிடந்த காலத்தில், திருச்சபை வழியாக இந்தத் துணிகள் கடல் கடந்தன. அப்புறம்தான் விழித்துக்கொண்டு, நாட்டின் மீது அவதூறு என்று கூச்சலிட்டார்கள், பறிமுதலும் செய்தார்கள்.

வெளிநாட்டில் விற்ற காசில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. விற்பனைக்குச் செய்ததால் இது வெறும் கைவினை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. சம்பாதிக்கிற ஆளைப் பறிகொடுத்த வீடுகள் அவை. பிள்ளைகளுக்குச் சோறும் வேண்டும், நடந்த கொடுமை உலகத்துக்குத் தெரியவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் தைத்தார்கள்.