இசை நாடகத்தில் நிலைப்பவர் எழுதியவரே!

நடுவர் அவர்களே, மும்பை மாட்டுங்காவுக்கு லோக்கல் ரயிலில் நசுங்கி வந்து, இன்னும் சட்டை கசங்காமல் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'இசை நாடகத்தில் நிலைத்து நிற்பவர் பாட்டெழுதியவரா, பாடி நடித்தவரா?' இதுதான் தலைப்பு. எதிரணி அக்கா, மேடையில் பாடி நடித்த கிட்டப்பாவையும் கே.பி. சுந்தராம்பாளையும் சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன்; எங்கள் அணித் தலைவர் முறைத்தார். "குரலுக்குத்தானே கூட்டம் வந்தது, எழுதியவர் பேரை யார் கேட்டார்?" என்றார் அக்கா. நியாயம்தான். நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருப்பது ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேடக்காரர் பேர்தான். ஆனால் நோட்டீஸ் மறுநாள் காலையில் எங்கே கிடக்கும் என்பது அக்காவுக்குத் தெரியாதா?

தாராவியிலிருந்து வந்திருக்கும் நெல்லைச் சீமைப் பெரியவர்களைக் கேட்கிறேன். ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆனாலும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறதே, எப்படி? எல்லோர் நெஞ்சிலும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டு மனப்பாடமாக இருக்கிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது சொந்தச் சரக்கை அவிழ்ப்பார்கள், சரி. சுற்றிவிட்டு அவர் பாட்டுக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும். ராஜபார்ட்டை மாற்றலாம், ஸ்திரீபார்ட்டை மாற்றலாம். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் நாலு ஊர்க்காரர்கள் நாலு பக்கம் நிற்பார்கள்.

யார் அந்த மனிதர்? 1867-இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். கல்யாணம் கிடையாது. மேடையில் எமனாகவும் சனீசுவரனாகவும் நடித்தவர். அதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார். மதுரையில் 1918-இல் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபையே தொடங்கினார். அங்கே ஆறு வயதுப் பையனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் எழுதியிருக்கிறார்: 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும், நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளோடு, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். எங்கள் ஆபீசில் ஒரு மெயில் எழுதவே மூன்று நாள் ஆகிறது!

அந்த எழுத்தின் வேலையைப் பாருங்கள். தினைப்புனத்துக்கு வேடன் வேடத்தில் முருகன் வருகிறான். மானைத் தேடுகிறேன் என்கிறான். 'மேயாத மான்' என்று பாடுகிறான். மேயாத மான் காட்டில் ஏது? எதிரே நிற்கும் வள்ளிதான் அந்த மான். வேடன் பொய், மான் பொய், காதல் மட்டும் நிஜம் என்பது இரண்டே வார்த்தையில் கடைசி வரிசைக்கும் புரிந்துவிடும். அந்தப் பாட்டை 1945-இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடினார். அவரும் மறைந்துவிட்டார். 2017-இல் அந்த இரண்டு வார்த்தையே இன்னொரு படத்துக்குப் பெயரானது.

அடுத்து, நாடக மேடையில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடி விசுவநாததாஸ் சிறைக்குப் போனாரே என்றார் அக்கா. அவர் தியாகத்துக்கு நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன். ஆனால் போலீஸ் பயந்தது எதற்கு? ராகத்துக்கா? வள்ளி பறவை ஓட்டும் புனத்தில் 'கொக்குப் பறக்குதடி' என்று அவர் பாடினால், கதைக்கு அது வெறும் கொக்கு. கேட்டவர்களுக்கு அது வெள்ளைக்காரன். அந்தப் பாட்டை எழுதி வலையை விரித்து வைத்தவர் மதுரகவி பாஸ்கரதாஸ். விசுவநாததாஸ் மேடையில் துணிந்தார். பாஸ்கரதாஸ் காகிதத்தில் துணிந்தார்.

நமக்குச் சோறு போடும் இந்த ஊரையும் பாருங்கள். 1911-இல் காடில்கர் எழுதிய 'மானாபமான்' மராத்தி நாடகத்தில் பால கந்தர்வர் பெண் வேடத்தில் பாடி ஊரையே மயக்கினார். அவர் 1967-இல் மறைந்தார். பாட்டை இன்றும் வேறு குரல்கள் பாடுகின்றன. மெட்டு கோவிந்தராவ் டெம்பேயுடையது என்று எதிரணி கிளம்பும். அதற்குத் தனிப் பட்டிமன்றம் போடுங்கள், வருகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் கிட்டப்பா பாட்டு ஒன்று பாடப் போகிறாராம். தாராளமாகப் பாடட்டும். ஒரு வரிகூட இல்லாமல், வெறும் 'தன்னன்னா'விலேயே பாடச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, கைதட்டலை அப்புறம் எண்ணிப் பார்ப்போம்.