கையெட்டுற தூரம்: சந்தையில க்ளோசப் போட்டோ, உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல்

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கேக்குதுல்ல, இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியோட ஞாயித்துக்கிழமை சந்தை. தெருப் படம், அதுலயும் கிட்டப் போய் எடுக்கிற படம், அதுல உங்க கைநாட்டு எப்படி விழும்னு இன்னைக்குப் பேசலாம்.

கலரை மாத்திட்டா ஸ்டைல் வந்துடும்னு நெனைக்கிறவங்க நிறைய பேர். கலர் கடைசி வேலைங்க. முதல்ல முடிவு பண்ண வேண்டியது, எவ்வளவு தூரத்துல நிக்கப் போறீங்கன்னு. ஒருத்தர் எடுத்த நூறு படத்தை வரிசையா வெச்சா ஒரே ஆள் எடுத்ததுன்னு தெரியறதுக்குப் பெரிய காரணம் அந்தத் தூரம்தான். அதனால ஒரு மாசத்துக்கு ஒரே தூரம், ஒரே லென்ஸ், ஒரே விஷயம். விஷயத்துக்கு நான் சொல்றது கை. தூரம் ரெண்டு அடி, அதாவது உங்க கை எட்டுற தூரம்.

கேமராவோட வர்ற 18-55 லென்ஸ் போதும், 18-ல அகலமாத் தெரியும், 55-ல கிட்ட இழுத்துக் காட்டும். 18-ல வெச்சு, ஜூம் வளையத்தை ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டிடுங்க. இல்லன்னா கை சும்மா இருக்காது, திருகும். க்ராப் சென்சார், அதாவது படம் பிடிக்கிற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கிற கேமராவுல 18 எம்எம், எஃப் 8 (லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் ஏற ஏற துவாரம் சின்னதாகும்), ஃபோகஸ் ரெண்டு அடின்னு வெச்சா, சுமார் ஒன்றரை அடியில இருந்து ரெண்டே முக்கால் அடி வரைக்கும் ஷார்ப்பா கிடைக்கும். எஃப் 11 போனா மூணு அடிக்கு மேலயே வரும். இந்த லென்ஸ்கள்ல பெரும்பாலும் தூரக் கணக்கு போட்டிருக்காது. அதனால வீட்டுலயே அளவு டேப் வெச்சு ரெண்டு அடியில ஒரு டம்ளரை வையுங்க, ஆட்டோ ஃபோகஸ்ல பிடிங்க, அப்புறம் மேனுவலுக்கு மாத்திடுங்க. ஃபோகஸ் வளையத்துக்கும் ஒட்டுற டேப் உண்டு. ஆட்டோ ஃபோகஸை அப்படியே விட்டா என்ன ஆகும்னா, கை அசையற நேரத்துல அது பின்னாடி கூடைப் பின்னலைப் போய்ப் பிடிச்சுக்கும்.

ஃபிளாஷ் இல்லாம எடுக்கிறப்ப ஷட்டர் வேகம் 1/500 செகண்டுக்குக் கீழ வேண்டாம். தூரத்துல மெதுவாத் தெரியற அசைவு கிட்ட வந்தா ஃபிரேமையே தாண்டிப் போகும். தராசுல காய் போடுற விரல் 1/125-ல கொழகொழன்னு வந்துடும். கேமராவை மேனுவல்ல வெச்சு ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, மட்டும் ஆட்டோவுல விடுங்க, மேல் வரம்பு 3200.

போன்ல எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும். ரொம்பக் கிட்டப் போனா சில போன்ல தானாவே அகல லென்ஸுக்கு மாறி மேக்ரோவுக்குப் போயிடும். அதை செட்டிங்ஸ்ல அணைச்சுட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்க. நிழல் நிழலாவே இருக்கட்டும்.

இப்ப வெளிச்சம். மேல பாருங்க, எல்லாக் கடைக்கும் நீலத் தார்ப்பாய். அதுக்கு அடியில எல்லாமே நீலம் அடிக்கும், முகம்னா நோயாளி மாதிரி ஆயிடும். கலரைச் சரிக்கட்டுற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு மாதிரி திருத்தும், நாப்பது படமும் நாப்பது கலர்ல நிக்கும். ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில கட்டிப் போட்டு, ரா ஃபைல்ல, அதாவது பின்னாடி கலரைத் திருத்த வசதியான ஃபைல்ல, எடுங்க. அதைவிட நல்ல வழி, தார்ப்பாய் முடியற ஓரத்தைத் தேடுறது. காலையில ஏழு, எட்டு மணிக்கு வெயில் சாய்வா உள்ள விழும். கை வெயில்ல, பின்னாடி எல்லாம் இருட்டுல. அந்த ஓரத்துல உக்காந்திருக்கிற கடையாப் பாத்து நில்லுங்க.

உச்சி வெயில்னா சின்ன ஃபிளாஷ் உதவும். கைடு நம்பர், அதாவது ஃபிளாஷோட பலத்தைச் சொல்ற எண், மீட்டர் கணக்குல 32 இருக்கிற ஃபிளாஷுக்கு எஃப் 11, 1/200, ஐஎஸ்ஓ 100, பவர் 1/32-ல ஆரம்பிங்க. ஷட்டர் 1/200 தாண்டினா பல கேமராவுல படத்துல கறுப்புப் பட்டை விழும், ஃபிளாஷோட சேந்து ஓட அதால முடியாது. ரெண்டு அடியில சரியா இருக்கிற பவர் ஒரு அடிக்கு நாலு மடங்கு ஆயிடும், தோல் வெள்ளையா வெந்த மாதிரி வரும். மாடு, ஆடு பக்கத்துல ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மிரண்டா யாருக்காவது அடி படும்.

கிட்டப் போறதுல பெரிய சிக்கல் மூக்குதான். 18-ல ரெண்டு அடிக்கு ஒரு முகத்தைக் கொண்டு வந்தா மூக்கு முன்னாடி வந்து காது பின்னாடி போயிடும். அது லென்ஸ் தப்பு கிடையாது, தூரம் பண்ற வேலை. ஃபிரேம் ஓரத்துல இருக்கிற முகம் இன்னும் இழுபடும். முகம் வேணும்னா நாலு அடிக்கு நகருங்க. கைக்கு இதே விஷயம் நமக்குச் சாதகம். நீட்டுற கை பெருசாகும், ஆள் பின்னாடி சின்னதாவார், படத்துக்கு ஒரு தள்ளு கிடைக்கும்.

கேக்காம எடுக்காதீங்க. "அக்கா, கையை மட்டும் எடுத்துக்கறேன், மூஞ்சி வராது." இவ்வளவு போதும். எடுத்ததை ஸ்கிரீன்ல காட்டுங்க, வேண்டாம்னா அவங்க முன்னாடியே அழிச்சுடுங்க. முதல் மூணு நாலு படம் போஸாத்தான் வரும், விரலை நீட்டி வெச்சுப்பாங்க. அப்படியே உக்காந்திருங்க. ஒரு கிராக்கி வந்தா வேலை தானா தொடங்கும், அப்ப எடுங்க.

நம்ம பக்கத்துல கைக்குப் பஞ்சமே இல்ல. பிப்ரவரி, மார்ச்சுல புளி. தோடு உடைச்சு, நார் உரிச்சு, கொட்டை தட்டுற விரல் நகக்கண் வரைக்கும் பழுப்பா இருக்கும். மாங்கா சீசன்ல காம்புப் பால் பட்டுக் காஞ்சு கறுத்த உள்ளங்கை. அந்தப் பால் லென்ஸ்ல தெறிச்சா லேசுல போகாது, முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டுக்கோங்க. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில அனுமதி கிடைச்சா, வெள்ளைக் கூட்டுக்குள்ள போற கை. வெள்ளை அதிகமா இருந்தா கேமராவுல வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஏமாந்து சாம்பலாக்கும், ஒரு ஸ்டாப் ஏத்தி, அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்காக்கி எடுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மாட்டுச் சந்தை. துண்டுக்குள்ள ரெண்டு பேர் கையை விட்டு, விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. கை தெரியாது, துண்டு மட்டும் அசையும். அந்தத் துண்டோட மடிப்பு, மேல ஒருத்தரோட இறுகின தாடை, அவ்வளவுதான் ஃபிரேம். கையைப் படம் எடுக்கக் கிளம்பினவர் கையே இல்லாத ஒரு படத்தைத் தன் வரிசையில சேக்கிறார் பாருங்க, அங்கதான் அவரோட பார்வை வெளிய வருது.

மாசக் கடைசியில நாப்பது படத்தை நாலுக்கு ஆறு சைஸ்ல பிரிண்ட் போடுங்க. ஸ்கிரீன்ல தள்ளித் தள்ளிப் பாத்தா ஒவ்வொண்ணாத்தான் தெரியும், தரையில பரப்பினா பழக்கம் தெரியும். ஃபிரேம் எங்க வெட்டுது, மணிக்கட்டிலயா முழங்கையிலயா? இருட்டு எந்தப் பக்கம் விழுது? பின்னாடி சாக்கு இருக்கா, ஆள் இருக்காங்களா? திரும்பத் திரும்ப வர்றது எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டு அடுத்த மாசம் வேணும்னே செய்யுங்க. மணிக்கட்டுல வெட்டினா படம் பாதியில நின்ன மாதிரி இருக்கும், ஒண்ணு முழங்கை வரைக்கும் விடுங்க, இல்ல விரலோட நிறுத்துங்க. ஒதுக்கின பிரிண்டையும் தூக்கிப் போடாதீங்க. கவர்ல போட்டுத் தேதி எழுதி வைங்க, மூணு மாசம் கழிச்சுப் பாத்தா அதுலயும் ரெண்டு தேறும்.

சரி, அந்தக் கயிறு கடை அண்ணன் இப்பத்தான் கட்டைப் பிரிக்கிறார், வெயிலும் சரியா அவர் முட்டி மேல விழுது. கேட்டுப் பாக்கலாம் வாங்க.